இணக்கசபையில் ஒரு சேவல்

முறைப்பாட்டில் நான் எழுதியது நாலு வரி.
பக்கத்து வளவுச் சேவல்
இரவு இரண்டு பத்துக்குக் கூவுகிறது.
நித்திரை இல்லை.
தயவுசெய்து.
(ஐந்தாவது வரியைப் பிறகுதான் சேர்த்தேன்.)

கொக்குவிலில் ஞாயிற்றுக்கிழமைப் பள்ளிக்கூட மண்டபம்.
கரும்பலகையில் யாரோ அழிக்காமல் விட்ட பின்னக் கணக்கு.
வாங்கில் மூன்று பேர்:
இளைப்பாறிய தபாலதிபர்,
மருந்துக்கடைச் சுகிர்தமலர்,
மின்விசிறியையே பார்த்தபடி இன்னொருவர்.
எதிரே குகதாசன், புதுச் சேர்ட்டில்.
"சேவலைக் கொண்டுவரேல்லை ஐயா.
பஸ்ஸில ஏத்த விடமாட்டாங்கள்."
மண்டபம் சிரித்தது.
நான் சிரிக்கவில்லை.

ஒன்பதிலிருந்து இரண்டு வரை
ரொறன்ரோவில் ஒரு பல் வைத்தியருக்குக்
கணக்கெழுதுகிறவள் நான்.
கால் கழுவி, படுத்து, கண் மூடப் பத்து நிமிடம்.
சரியாக அந்தப் பத்தாவது நிமிடத்தில்
முருங்கைக் கொப்பிலிருந்து
தகரத்தைக் கிழிப்பது போல.

"அது ஏன் கூவுது?" என்றார் தபாலதிபர்.
வழக்குக்குத் தேவையில்லாத கேள்வி.
ஆனால் எல்லோரிடமும் பதில் இருந்தது.
சூரனைப் பிளந்த பாதியெல்லோ அது,
கொடியில ஏத்தினாலும் நோ மாறேல்லை
என்றாள் சுகிர்தமலர்.
மதில் வழக்கொன்றுக்காகக்
குருநகரிலிருந்து வந்திருந்த றெஜினா
தன் முறை வராமலே எழும்பி,
பேதுரு பொய் சொன்ன இரவில் பழகினது,
பக்கத்தில ஆரும் பொய் சொன்னால் விடாது
என்றுவிட்டு என்னைப் பார்த்தாள்.
குகதாசன் மட்டும்
"விடிஞ்சிட்டுதெண்டு நினைக்குது. கூவுது.
அவ்வளவுதான்."

அவ்வளவுதானா?

எனக்கு அப்போது ஆறு வயது.
பரா லைற் இறங்கும்,
கயிறு அறுந்த நிலவு போல,
அவசரமே இல்லாமல்.
பங்கருக்குள் அம்மாவின் முழங்காலில் என் நாடி.
மேலே
கோண்டாவில் தொடங்க இணுவில் வாங்கி
உரும்பிராய்க்குக் கொடுக்க
ஊர் ஊராய்ச் சேவல்கள்
நடுச்சாமத்தை விடியல் என்று சாதிக்கும்.
ஒருநாள் வெளிச்சம் திடீரென அணைந்தது.
எங்கள் சேவல் பாதிக் கூவலில் நின்றது.
பிழை விட்ட பிள்ளை மாதிரி.
மீதிப் பாதி
இன்றைக்கும் என் காதுக்குள் இருக்கிறது.
இதை நான் முறைப்பாட்டில் எழுதவில்லை.

"அக்கா குறை நினைக்கக் கூடாது" என்றான் குகதாசன்.
"மாசியில மதிலில ஒரு லைற் பூட்டினவ.
ஆள் அசைஞ்சால் எரியும்.
ரண்டு மணிக்குக் கால் கழுவ வெளியில வருவா.
முருங்கை முழுக்கப் பகல்."

தண்ணி மோட்டரைக் கழற்றிக்கொண்டு போன பிறகு
நான்தான் பூட்டினேன்.
ஏணி பிடித்தவன் அவன்.

மின்விசிறியைப் பார்த்தவர் முதல்முறையாகக் கீழே பார்த்தார்.
இணக்கம் எழுதப்பட்டது:
லைற்றை றோட்டுப் பக்கம் திருப்புவது.
சேவலை இரவில் கடகத்தால் மூடுவது.
இரு தரப்பும் கையெழுத்து.
வீட்டுக்கு அவனுடைய மோட்டார் சைக்கிளில்தான் வந்தேன்.

இன்று இரண்டு மணிக்கு இருட்டில் கால் கழுவினேன்.
இரண்டு பத்து.
இரண்டு இருபது.
ஒன்றுமில்லை. நித்திரையும் இல்லை.
மூன்று மணிக்குக் கொஞ்சம் கோபம் கூட வந்தது.

நாலு நாற்பதுக்கு,
நிலவில்லை, தெருவில் கறண்ட் இல்லை,
கடகத்துக்குள் ஒரு பொட்டு வெளிச்சம் போக வழியில்லை,
கூவியது.
இவ்வளவு நேரமும் இதற்காகவே காத்திருந்தது போல
தண்டவாளத்துக்கு அப்பால்
தாவடிப் பக்கம் இன்னொன்று.

மூச்சைப் பிடித்துக்கொண்டு
பாதியில் நிற்குமா என்று கேட்டேன்.
நிற்கவில்லை.
கடைசி இழுவை வரைக்கும் இழுத்து முடித்து
ஓலைப் பின்னலில் செட்டையை ஒருக்கால் அடித்தது.

பிறகு வேலிக்கு அங்கால்
குகதாசன் குரலைத் தாழ்த்தி அதட்டுவது கேட்டது:
"வாயை மூடடா,
அக்கா இப்பதான் படுத்திருப்பா."